முப்பந்தல் வெள்ளெலியும் தண்ணீர் குடிக்காத அதன் சொந்தக்காரர்களும்

குமரி மாவட்டத்து முப்பந்தல் பக்கம் காற்றாலையில் இரவு டியூட்டி பார்க்கிறவர்களுக்கு வெள்ளெலியை நன்றாகத் தெரியும். ஒரு டவரில் வேலையை முடித்துவிட்டு அடுத்த டவருக்கு ஜீப்பில் போகும்போது, உடை மரங்களுக்கு நடுவே உள்ள செம்மண் தடத்தில் விளக்கு வெளிச்சம் பட்டதும் ஏதோ ஒன்று எழும்பிக் குதிக்கும். குதித்த இடத்திலேயே திசை மாறி மறுபடி குதித்துப் புதருக்குள் மறைந்துவிடும். முதுகு மண் நிறம், வயிறு வெள்ளை, முகத்துக்கு மீறின பெரிய கண். வால் உடம்பைவிட நீளம், அதன் நுனியில் கறுப்பு மயிர்க் குச்சம். பேனல் ரூமில் கேபிளைக் கடிப்பதும் இதுதான் என்று எங்கள் ஆட்களில் பாதிப் பேர் சத்தியம் செய்வார்கள். அது வீட்டெலியின் வேலை. வெள்ளெலிக்குத் தரிசும் கரடும் கடலைக்காடும்தான் பழக்கம்.

இது ஜெர்பில் என்கிற கூட்டத்தைச் சேர்ந்தது. தார் பாலைவனத்திலிருந்து அரேபியா, சகாரா வரைக்கும், வடக்கே மங்கோலியா வரைக்கும் இதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பிள்ளைகள் கூண்டில் வளர்க்கிற ஜெர்பில்கூட 1954-ல் ஜப்பானிலிருந்து அங்கே போன மங்கோலிய வகையின் வாரிசுதான். நம்மூர் வெள்ளெலியை அசல் பாலைவனப் பிராணி என்று சொல்ல முடியாது. விதையோடு கிழங்கு, வேர், பூச்சி என்று கிடைத்ததைத் தின்று வயலோரத்திலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பாலைவன எலிகளின் பழக்கவழக்கங்களைப் புரிந்துகொள்ள இதைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

குமரி மாவட்டத்தில் பாலை தவிர மற்ற நான்கு நிலமும் உண்டு என்று மேடையில் பேசுகிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சித்திரை மாதம் மதியம் 2 மணிக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயில் சும்மா நின்று பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும். ஆனி, ஆடியில் குலசேகரத்திலும் பேச்சிப்பாறையிலும் மழை கொட்டும்போது, மலைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு வந்து சேர்வது காற்று மட்டும்தான். அந்தக் காற்றில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது, அது வேறு விஷயம்.

பாலைவன எலியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அது வெயிலைத் தாங்குகிறது, பாலைவனத்தை வெல்கிறது என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வெயிலைத் தாங்க எலியால் முடியவே முடியாது. ஒட்டகம் தாங்கும். அதன் உடம்பு பெரிது, சூடேற நேரம் எடுக்கும், வேர்த்துக்கொள்ளவும் உள்ளே தண்ணீர் இருக்கிறது. உடம்பு சிறுக்கச் சிறுக்க எடைக்கு ஏற்ற அளவைவிடத் தோலின் பரப்பு அதிகமாகிக்கொண்டே போகும். தோல் அதிகம் என்றால் வெளிச்சூடு உள்ளே வரும் வழியும் அதிகம். 100 கிராம் எடையுள்ள எலி ஒன்று பாலைவன மதியத்தில் நம்மைப் போல வேர்த்து உடம்பைக் குளிர வைக்க நினைத்தால், ஒவ்வொரு மணி நேரமும் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரை இழக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். அதனால் எலி வேர்ப்பதே இல்லை. தரை கொதிக்கிற நேரத்தில் அது தரைக்கு மேலே இருப்பதும் இல்லை. அதன் சாமர்த்தியம் முழுக்க ஒதுங்குவதில்தான் இருக்கிறது.

இதை அளந்து பார்த்துச் சொன்னவர்கள் நட் ஷ்மிட்-நீல்சன், போடில் ஷ்மிட்-நீல்சன் என்கிற தம்பதி. நட் 1915-ல் நார்வேயில் பிறந்தவர். 1940-களின் கடைசியில் இரண்டு பேரும் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்துக்குப் போய்க் கங்காரு எலிகளை ஆராய்ந்தார்கள். கங்காரு எலி ஜெர்பில் இல்லை, குடும்பமே வேறு. ஆனால் நீண்ட பின்னங்கால், குச்சம் வைத்த வால், இரண்டு காலில் குதித்து ஓடுவது, இரவில் விதை பொறுக்குவது எல்லாம் ஒரே அச்சு. அரேபியப் பக்கத்து ஜெர்போவா, ஆஸ்திரேலியாவின் குதிக்கும் சுண்டெலி, இந்தக் கங்காரு எலி மூன்றும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவே இல்லாமல் தனித்தனியாக இந்த உருவத்துக்கு வந்து சேர்ந்தவை.

கங்காரு எலி தண்ணீர் குடிக்காமலே வாழ்கிறது என்பது அப்போதே தெரிந்த சங்கதி. எப்படி என்பதுதான் கேள்வி. வளைக்குள் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்க, ஈரப்பதத்தைப் பதிவு செய்யும் ஒரு குட்டிக் கருவியை எலியின் வாலில் கட்டி உள்ளே அனுப்பினார்கள். மண்ணைத் தோண்டிப் பார்த்தால் வெளிக்காற்று புகுந்து கணக்கு கெட்டுப்போகும், எலியே எடுத்துக்கொண்டு போனால் கெடாது. நானும் நாளெல்லாம் மீட்டரோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதாலோ என்னவோ, அந்த ஆராய்ச்சியில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான். பகலில் வெளியே காற்று காய்ந்து கிடக்கும்போது வளைக்குள் அதைவிடப் பல மடங்கு ஈரம் இருந்தது. எலி விடுகிற மூச்சிலிருந்தும் சுற்றியுள்ள மண்ணிலிருந்தும் வந்த ஈரம் அது.

அந்த ஈரம் வெளியே போகாமல் இருக்க வாசலை அடைத்து வைக்க வேண்டும். நம்மூர் வெள்ளெலியும் அதைச் செய்கிறது. டவர்களுக்கு நடுவே ஆடு மேய்க்கிற ஒரு பாட்டாவிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன்.

“பாட்டா, இத்தனை ஓட்டை கெடக்கே, இதுல எதுக்குள்ள வெள்ளெலி இருக்கும்?”

“தொறந்து கெடக்கதுல இருக்காது மக்கா. உள்ள இருந்துதுன்னா மண்ணு போட்டு அடச்சிருக்கும். தொறந்து கெடந்தா ஒண்ணு அது மேயப் போயிருக்கு, இல்லேன்னா வேற ஆளு குடி வந்தாச்சு.”

“வேற ஆளுன்னா?”

“பாம்பாக்கும்.”

வெள்ளெலியின் வளையில் இந்த வாசல்கள் போக, மேலே மெல்லிய மண் பொருக்கை மட்டும் விட்டுவைத்த அவசர வழிகளும் உண்டு. பாம்போ கீரியோ ஒரு பக்கம் நுழைந்தால், இன்னொரு பக்கம் தலையால் முட்டி மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே பாயும். அது எங்கிருந்து கிளம்பும் என்று வெளியே இருந்து பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. எலி வளையானாலும் தனி வளை என்பது கங்காரு எலிக்கு அப்படியே பொருந்தும். பெரும்பாலும் ஒரு வளைக்கு ஒரே ஆள்தான். இன்னொன்று எட்டிப் பார்த்தால் சண்டை.

சேர்த்து வைத்த விதைகளும் வளைக்குள் சும்மா இருப்பதில்லை. ஆடி மாதத்தில் நாகர்கோவில் அடுப்படியில் உப்பு நீர்த்துப்போகிற மாதிரி, வெளியே காய்ந்து கிடந்த விதை வளைக்குள் கிடக்கும்போது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூச்சில் போன தண்ணீரில் ஒரு பங்கு இப்படி விதை வழியாகத் திரும்பவும் வயிற்றுக்கே வருகிறது. ஈரம் கூடினால் பூசணம் பிடிக்கத்தான் செய்யும். கங்காரு எலிகளுக்குப் பூசணமே இல்லாத விதை, லேசாகப் பூத்த விதை, நன்றாகப் பூத்த விதை என்று மூன்றையும் வைத்துப் பார்த்தபோது, நடுவில் உள்ளதைத்தான் அவை விரும்பி எடுத்தன. பழங்கஞ்சி தெரிந்த நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை.

இப்போது தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன். ஷ்மிட்-நீல்சன் போட்ட கணக்கு இது. 100 கிராம் உலர்ந்த வாற்கோதுமையைத் தின்று தீர்க்கக் கங்காரு எலிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அந்தத் தானியம் உடம்பில் எரியும்போது உண்டாகிற தண்ணீர் 54 கிராம். தானியத்திலேயே ஈரமாக இருந்தது 6 கிராம். மொத்த வரவு 60. செலவில் சிறுநீருக்கு 13.5, புழுக்கைக்கு 2.6, மூச்சிலும் தோலிலும் ஆவியாகப் போவது 43.9. கூட்டிப் பாருங்கள், 60 வரும். மிச்சமும் இல்லை, கடனும் இல்லை.

தானியம் எரிந்து தண்ணீர் உண்டாவது என்பது எலிக்கு மட்டும் கிடைத்த வரம் இல்லை. மாவுச்சத்தில் உள்ள ஹைட்ரஜன், நாம் இழுக்கிற மூச்சில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. நாம் தின்கிற சோற்றிலும் இதேதான் நடக்கிறது. 1 கிராம் மாவுச்சத்துக்கு 0.56 கிராம் தண்ணீர் கிடைக்கும், 1 கிராம் கொழுப்புக்கு 1.07. கொழுப்பில் இவ்வளவு கிடைக்கிறதே, அப்படியானால் ஒட்டகத்தின் திமில் தண்ணீர்த் தொட்டிதானே என்று கேட்கத் தோன்றும். கொழுப்பை எரிக்க அதிக ஆக்சிஜன் வேண்டும், அதற்கு அதிகமாக மூச்சு விட வேண்டும். வறண்ட காற்றில் அந்த மூச்சோடு போகிற ஈரம் கிடைத்த லாபத்தைத் தின்றுவிடும். அதனால்தான் எலிக்கும் விதையில் உள்ள மாவுச்சத்து தோதாக இருக்கிறது.

வரவு நமக்கும் அதற்கும் ஒன்றுதான் என்றால், எலி ஜெயிப்பது செலவில். முதலில் மூக்கு. உள்ளே போகிற வறண்ட காற்று மூக்கின் ஒடுங்கிய, நீண்ட வழியில் உள்ள ஈரத்தை உறிஞ்சி அந்தச் சுவரைக் குளிர வைத்துவிட்டுப் போகிறது. நுரையீரலிலிருந்து சூடாக, ஈரமாகத் திரும்புகிற காற்று அதே குளிர்ந்த சுவரில் பட்டு, ஈரத்தில் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறும். நாம் விடுகிற மூச்சு கையில் வெதுவெதுப்பாகப் படும். இந்த எலிகள் விடுகிற மூச்சு உடம்புச் சூட்டைவிட வெகுவாகக் குறைந்த சூட்டில் வெளியே வருகிறது.

அடுத்தது சிறுநீரகம். சிறுநீரகத்துக்குள் கொண்டை ஊசி வடிவில் வளைந்து திரும்பும் நுண்குழாய்கள் உண்டு. அவை எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்குச் சிறுநீரைச் சுண்ட வைக்கலாம். கங்காரு எலிக்கு அவை உடம்பளவுக்கு மிக நீளம். நம்மால் சுண்ட வைக்க முடிந்ததைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு அது சுண்ட வைக்கும். ஆஸ்திரேலியாவின் குதிக்கும் சுண்டெலி அதையும் தாண்டிவிடும்.

இதைச் சோதிக்க அவர்கள் செய்த வேலையைக் கடலோரத்துக்காரர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எலிகளுக்கு சோயா மொச்சையை மட்டும் தீனியாகப் போட்டார்கள். புரதம் அதிகம் உள்ள தீனி அது. உடம்பில் யூரியா சேரும், அதை வெளியேற்ற நிறையச் சிறுநீர் போக வேண்டும், எனவே எலிக்கு வெளியிலிருந்து தண்ணீர் கட்டாயம் தேவைப்படும். குடிக்க வைத்தது கடல்நீர். எலிகள் அதைக் குடித்தன, நன்றாகவே இருந்தன.

மனிதன் கடல்நீர் குடித்தால் என்ன ஆகும் என்று தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் போய் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடலில் 3.5 சதவீதம் உப்பு. அந்த உப்பை வெளியே தள்ள நம் சிறுநீரகத்துக்குக் குடித்ததைவிட அதிகத் தண்ணீர் வேண்டும். குடிக்கக் குடிக்க உடம்பு வற்றும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் சிக்கி, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்து கரை சேர்ந்த ஒருவரிடம் பேசியிருக்கிறேன். பசியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தாகத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

சரி, ஒதுங்குவதுதான் எலியின் வித்தை என்று மேலே சொன்னேன். அதற்கு ஒரு திருத்தம் வந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஷ்மிட்-நீல்சன் காலத்திலிருந்து பாடப் புத்தகங்கள் எல்லாம் வளைக்குள் எப்போதும் குளுகுளு என்றே எழுதி வந்தன. 2002-ல் ட்ரேசி, வால்ஸ்பெர்க் என்கிற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சொனோரா பாலைவனத்தில் கங்காரு எலிகளைப் பின்தொடர்ந்து பார்த்து, அவை இருக்கும் ஆழம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றும், கோடையில் நீண்ட நாட்களுக்கு அந்த ஆழத்து மண்ணே 35 டிகிரியைத் தாண்டுகிறது என்றும் காட்டினார்கள். அப்படியானால் எலி கொஞ்சம் தாங்கவும் செய்கிறது. ஆனால் 35 டிகிரி வளைக்கும் 60 டிகிரியைத் தாண்டும் மேல் மணலுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால், ஒதுங்குவதுதான் முதல் வித்தை என்று நான் இன்னும் சொல்வேன். அது தரும் நிழல் நாம் நினைத்த அளவுக்குக் குளிர்ச்சியானது இல்லை, அவ்வளவுதான்.

இரவில்தான் வெளியே வரும் என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இடையில் என்னை ஜெய்சால்மருக்கு வேலைக்கு அனுப்பினார்கள். முப்பந்தலில் தொழில் பழகியவர்களில் ராஜஸ்தான், குஜராத் என்று போய் வராதவர்கள் குறைவு. அங்கே பட்டப்பகலில் எலிகளைப் பார்த்தேன். நம் கோயில்களில் தல விருட்சமாக நிற்கிற வன்னி மரம் அங்கே காட்டு மரம். அதன் அடியிலும் புதர்களின் அடியிலும் மண் மேட்டில் ஏகப்பட்ட துளைகள், வாசலுக்கு வாசல் ஒன்று பின்னங்காலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். நாம் நெருங்கினால் ஒன்று பின்னங்காலால் தரையைத் தட்டும், எல்லாம் உள்ளே போய்விடும். இது இந்தியப் பாலைவன ஜெர்பில், வெள்ளெலியைவிடக் கொஞ்சம் சிறியது. குளிர்காலத்தில் நடுப்பகலில் மேய்கிறது, கோடையில் காலையும் மாலையும் மட்டும் தலையைக் காட்டுகிறது. ராத்திரியில் தூங்குகிறது. ஜெய்சால்மரின் மார்கழி இரவில் வெளியே நின்று வேலை பார்த்தவன் என்ற முறையில் அதன் முடிவை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஜோத்பூரில் 1959-லிருந்து இயங்குகிற மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனத்தில் ஈஸ்வர் பிரகாஷ் என்கிற விஞ்ஞானி பல பத்தாண்டுகள் இந்த எலிகளைத்தான் ஆராய்ந்தார். இந்தியப் பாலைவன எலிகளைப் பற்றி எதைத் தேடிப் படித்தாலும் அவர் பெயர் வந்து நிற்கும்.

அந்தத் தட்டல் சும்மா பயத்தில் வருவது இல்லை. குச்சவால் கங்காரு எலிகளில் ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய தட்டல் முறை உண்டு. பக்கத்து வளைக்காரனின் தட்டலையும் புதியவனின் தட்டலையும் அவை பிரித்து அறிகின்றன. பாம்பு வந்தால் ஓடாமல், பாம்புக்குத் தெரியும்படியே தட்டும். உன்னைப் பார்த்துவிட்டேன், இனி நீ பதுங்கி லாபமில்லை என்று சொல்கிற தட்டல். பாம்பு அதையும் மீறிக் கொத்தினால் இன்னொரு வேடிக்கை நடக்கும். நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் எலி மேலே எழும்பி, காற்றிலேயே உடம்பைத் திருப்பி, பின்னங்கால்களால் பாம்பை உதைத்துத் தள்ளும். மெதுவாக ஓட்டிக் காட்டுகிற வீடியோக்கள் வந்த பிறகுதான் இது சரியாகத் தெரிந்தது. வெறும் கண்ணுக்கு ஒரு சிலும்பல் மட்டும்தான் தெரியும்.

கொத்த வருவது இருட்டில் எப்படித் தெரிகிறது? காதால். கங்காரு எலிக்கும் ஜெர்பிலுக்கும் நடுக்காதைச் சுற்றியுள்ள எலும்புக் குடுவை மண்டையோட்டில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு உப்பிக் கிடக்கும். சாதாரண எலிகளுக்கு எட்டாத தாழ்ந்த ஒலிகளை அது பிடித்துத் தரும். ஆந்தை இறங்கும்போது சிறகில் எழும் மெல்லிய இரைச்சலும், பாம்பு பாயும் கணத்தில் எழும் ஒலியும் அந்தத் தாழ்ந்த வகைதான். மனிதக் காது கேட்கிற தாழ்ந்த ஒலிகளை ஜெர்பிலும் கேட்கும் என்பதால், காது ஆராய்ச்சிக் கூடங்களில் சுண்டெலிக்குப் பதிலாக ஜெர்பிலை வைத்துக்கொள்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு எங்கள் காத்தாடிகள் ஞாபகம் வருகிறது. சீசனில், அதாவது வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும், இறக்கைகள் சுற்றுகிற உறுமல் ராப்பகல் ஓயாது. அதுவும் தாழ்ந்த ஒலி. அதற்கு அடியில் வாழ்கிற வெள்ளெலிக்குக் கூகையின் சிறகு கேட்குமா? கலிபோர்னியாவில் ஆல்டமான்ட் கணவாய் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் நம் கணவாய் மாதிரியே காற்றாலைகள் நிறைந்தது. அங்கே உள்ள தரை அணில்களுக்கு, ஆபத்து என்று அணில்கள் கத்துகிற சத்தத்தைப் பதிவு செய்து போட்டுக் காட்டி 2006-ல் ஓர் ஆய்வு வெளியானது. காற்றாலைக்குப் பக்கத்தில் வாழ்கிற அணில்கள் தள்ளி வாழ்கிறவற்றைவிட அதிகமாகத் தலையைத் தூக்கிப் பார்த்தன, வளைப் பக்கமாகத் திரும்பி ஓடுவதும் அதிகம். காது கொடுக்காத தகவலைக் கண்ணால் ஈடுகட்டப் பார்க்கின்றன. முப்பந்தலில் இதைச் செய்து பார்க்க ஒரு ஸ்பீக்கரும் ஒரு கேமராவும் போதும். விலங்கியல் படிக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் எடுத்துச் செய்யுங்கள், டவர் எண் முதற்கொண்டு நான் காட்டித் தருகிறேன்.

தண்ணீர்க் கதையைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது மணல் எலியின் கதை. வட ஆப்பிரிக்காவிலும் அரேபியப் பக்கத்திலும் வாழ்கிற கொழுத்த ஜெர்பில் அது. விதையைத் தேடாது. உவர் நிலத்தில் வளர்கிற, சாறு நிறைந்த, உப்புக் கரிக்கிற செடிகளின் இலைதான் அதன் சாப்பாடு. உப்பு அதிகமாக உள்ள மேல்தோலைப் பல்லால் சுரண்டித் தள்ளிவிட்டு மிச்சத்தைத் தின்னும். தண்ணீர் தாராளம், சத்து சொற்பம், அதனால் பகல் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். 1960-களில் இந்த எலிகளை எகிப்திலிருந்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்தவரும் அதே ஷ்மிட்-நீல்சன்தான். சிறுநீரகத்தை ஆராய்வதற்காகக் கொண்டுவந்த எலிகளுக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் மற்ற எலிகளுக்குப் போடுகிற வழக்கமான தீனியைப் போட்டார்கள். வெள்ளை எலிகள் தலைமுறை தலைமுறையாகத் தின்று நன்றாக இருக்கிற தீனி. மணல் எலிகளோ ஊதிப்போய், சர்க்கரை ஏறி, கண்ணில் புரை விழுந்து சாக ஆரம்பித்தன. காய்கறி தின்றவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1964-ல் அதை எழுதி வெளியிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டாம் வகை நீரிழிவு ஆராய்ச்சிக்கு மணல் எலி ஒரு முக்கியமான பிராணி ஆகிவிட்டது.

2017-ல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. இன்சுலின் சுரக்கும் செல்களுக்கு அவசியமான பிடிஎக்ஸ்1 என்கிற மரபணுவை முதலில் அந்த எலியில் கண்டுபிடிக்கவே முடியாமல் இருந்தது. இல்லாமல் போயிருக்குமோ என்றுகூட நினைத்தார்கள். இருந்தது. ஆனால் மற்றப் பாலூட்டிகளில் கிட்டத்தட்ட மாறாமல் இருக்கிற அந்த மரபணு, மணல் எலியில் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிக் கிடந்தது.

எங்கள் வீட்டில் சர்க்கரை மாத்திரை போடாதவர்களை எண்ணுவது சுலபம். அதனால் எலியின் கதையைக் கேட்டதும், நாமும் ஒரு காலத்தில் மரச்சீனியும் சாமையும் மீனும் தின்றோம், இப்போது மூன்று வேளையும் வெள்ளைச் சோறு என்று உடனே முடிச்சுப் போட ஆசை வருகிறது. அப்படிப் போட முடியாது. மணல் எலியின் மரபணு விசித்திரம் நம்மிடம் கிடையாது. அரிசியும் இந்த ஊருக்கு நேற்று வந்ததில்லை, நாஞ்சில் நாடே வயலை நம்பி உண்டான நாடு. இந்த எலி காட்டுவது அதைவிடச் சின்ன விஷயம். ஒரு உடம்புக்குச் சாதாரணமாக இருக்கிற சாப்பாடு இன்னொரு உடம்புக்குத் தாங்காமல் போகலாம். ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே அளவு சாப்பிடுகிற அண்ணன் தம்பியில் ஒருவருக்கு மட்டும் சர்க்கரை வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

எலியை ஒழித்தால் என்ன ஆகும் என்பதற்கும் பாலைவனத்தில் ஒரு பதில் இருக்கிறது. அரிசோனாவில் போர்ட்டல் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஜேம்ஸ் பிரவுன் என்கிற சூழலியலாளர் 1977-ல் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். வேலி கட்டிய துண்டு நிலங்கள் சிலவற்றில் கங்காரு எலிகள் மட்டும் நுழையாதபடி பார்த்துக்கொண்டார். சிறிய எலிகள் போய் வர வழி உண்டு. 12 வருடத்தில் அந்த நிலங்களில் உயரமான புல் ஏறக்குறைய மூன்று மடங்காகப் பெருகி, புதர்க்காடு புல்வெளியாக மாறத் தொடங்கியது. பெரிய விதைகளைத் தின்பதும் மண்ணை ஓயாமல் கிளறுவதுமாக, கைக்குள் அடங்குகிற ஒரு பிராணி அந்த நிலம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டிருந்திருக்கிறது. கடலைக்காட்டில் எலி மருந்து வைக்கிறவரிடம் போய் இதைச் சொல்லிப் புண்ணியமில்லை, அவருடைய நஷ்டம் அவருக்கு. தரிசில் கிடப்பதைத் தேடிப்போய் வெட்டுவது மட்டும் அநாவசியம்.

தேள் கொட்டுப் பட்டவர்கள் எங்கள் வேலையில் நிறைய, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வெட்டுக்கிளிச் சுண்டெலி தேளைப் பிடித்துத் தின்னும். கொட்டினால் ஒரு நொடி நக்கிக்கொண்டு மறுபடி தின்னத் தொடங்கும். மற்ற உயிர்களில் வலியை மூளைக்கு அனுப்புகிற நரம்பு வாயிலை இந்தச் சுண்டெலியில் அதே விஷம் போய் அடைத்துவிடுகிறது என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள். தேளே தன் விஷத்துக்கு மரப்பு ஊசி போட்டுவிடுகிறது. தின்று முடித்துப் பின்னங்காலில் நின்று, தலையைத் தூக்கி ஊளையும் இடும்.

வெள்ளெலியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நிலவு இல்லாத இரவில் வரவும். பாலைவன எலிகள் பலவும் நிலா வெளிச்சத்தில் வெளியே நடமாடுவதைக் குறைத்துக்கொள்ளும், இங்கேயும் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தடத்தில் அதிகம் காண்பதில்லை. ஆரல்வாய்மொழியிலிருந்து முப்பந்தல் பக்கம் வரும் மண் தடங்களில் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து நடந்தால் போதும். வயலோரத்தில் மண்ணை மலைபோலக் குவித்து வைத்திருந்தால் அது வயல் எலி அல்லது பெருச்சாளி. கரட்டில், புதர் அடியில், தூய்மையான வட்ட வாசலோடு இருந்தால் வெள்ளெலியாக இருக்கலாம். கையை உள்ளே விட வேண்டாம், காரணம் பாட்டா சொன்னதுதான். பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். இந்தியாவில் பிளேக் கிருமி காட்டில் தங்கி வாழ்வது பெரும்பாலும் இந்த வெள்ளெலிக் கூட்டத்திலும் அதன் மேல் உள்ள தெள்ளுப்பூச்சியிலும்தான் என்று கருதுகிறார்கள். அதற்காகத்தான் கர்நாடக, ஆந்திர, தமிழக எல்லைகள் சந்திக்கிற ஓசூர், கோலார் பக்கத்தில் வருடக்கணக்காக எலிகளைப் பிடித்துப் பரிசோதித்து வந்தார்கள். தூரத்திலிருந்து பாருங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள், விரியன் நடமாட்டம் உண்டு.